புரியாமல் சொல்லும் ‘ஆம்’
அறிவுத்திறன் குறைபாடு உடையோர் சட்டத்தின் முன் நிற்கும்போது குடும்பத்தார் அறிய வேண்டியவை

மருந்து உண்ணும் முறை பற்றியும் உணவுக் கட்டுப்பாடு பற்றியும் எழுதும் ஓர் இதழில் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் பற்றிய கட்டுரை எதற்கு என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். ஆயினும், பிறவியிலேயே அறிவுத்திறன் குறைந்த பிள்ளை, மறதிநோய் கண்ட தாய், தலைக்காயத்திற்குப் பின் முன்போல் சிந்திக்க இயலாத கணவர் ஆகியோரைப் பேணிக் காக்கும் குடும்பங்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. ‘வெளியே போன இடத்தில் ஏதேனும் வழக்கில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது?’ என்பதே அது. அதை அவர்கள் மருத்துவரிடம் சொல்வதில்லை. அது மருத்துவத்தைச் சேர்ந்ததன்று என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் அது மருத்துவத்தையும் சேர்ந்ததே. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. இத்தகையோருக்குச் சட்டம் பல பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. ஆனால், அவை தாமாகச் செயற்படுவதில்லை. ‘இவருக்குக் குறைபாடு உண்டு’ என்று ஒருவர் உரிய நேரத்தில், எழுத்து வடிவில் எடுத்துரைத்தால்தான் அந்தக் கதவுகள் திறக்கும். பெரும்பாலும் அந்த ஒருவர் குடும்பத்தைச் சேர்ந்தவராகவே இருக்க முடியும்.

குற்றம்போல் தோன்றும் நோய்க்குறிகள்

மறதிநோய் கண்ட முதியவர் கடையில் எடுத்த பொருளுக்குப் பணம் கொடுக்க மறந்து வெளியேறலாம். பிறர் வீட்டைத் தம் வீடென்று எண்ணி உள்ளே நுழையலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோயில், தொடக்கத்தில் நினைவாற்றல் ஓரளவு நன்றாகவே இருக்கும். நாணமும் தற்கட்டுப்பாடும்தாம் முதலில் குறையும். அதுவரை ஒழுக்கத்திற் சிறந்து விளங்கியவர் திடீரெனப் பொது இடத்தில் தகாத சொல் பேசுவதும், பிறர் பொருளைக் கூச்சமின்றி எடுப்பதும் அந்நோயின் முதல் அறிகுறியாகவே அமையக்கூடும்.

வலிப்பு வந்து ஓய்ந்த சில நிமிடங்களுக்கு ஒருவர் தெளிவற்ற நிலையில் நடமாடுவார். அப்போது பிடித்து நிறுத்த முயல்வோரைத் தள்ளிவிடவும் கூடும். இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டவர்களுள் சிலருக்கு உடற்காயம் ஆறிய பின்னும் முன்கோபமும் பதற்றமும் தங்கிவிடுகின்றன. ஆட்டிசம் உடைய இளைஞரொருவர், உரத்த குரலில் அதட்டப்படும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். துரத்துகிறவர் கண்ணுக்கு அது தப்பியோடுதலாகத் தோன்றும்.

தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் திருவிழாக் கூட்டத்திலோ, திண்டுக்கல் பேருந்து நிலையத்திலோ, கரூர்ச் சாலையின் கடையொன்றிலோ இவற்றுள் ஏதேனும் நிகழ்ந்தால், அங்குள்ளோர்க்கு அது நோயென்று எவ்வாறு தெரியும்? ஊரார் அறிந்த தெருவில் ‘அவர் பாவம், விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல நால்வர் இருப்பர். அயலூரில் அந்த நால்வர் இரார்.

‘ஆம்’ என்பது எப்போதும் ஒப்புதல் அன்று

அறிவுத்திறன் குறைந்தோர் பலர், தமக்குப் புரியவில்லை என்பதை மறைக்கப் பழகியவர்கள். பள்ளியிலும் வீட்டிலும் ஏளனத்திற்கு அஞ்சி, எது கேட்டாலும் தலையசைத்துவிடுவது அவர்தம் வழக்கம். அதிகாரம் உடைய ஒருவர் எதிரில் அமர்ந்து நீண்ட கேள்வி கேட்கும்போது, அவர் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணமே மேலோங்கும். நாள், நேரம், முன்பின் வரிசை ஆகியவை அவர்களுக்கு எளிதில் குழம்பும். அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் விடை தவறுபோலும் என்றெண்ணி மாற்றிச் சொல்வர். கேட்பவருக்கு அது பொய்யாகப் படும்.

இதன் விளைவை உலகிற்கு உணர்த்திய வழக்கு ஒன்று 1972-இல் இலண்டனில் நிகழ்ந்தது. மேக்ஸ்வெல் கன்ஃபெயிட் என்பவர் கொலையுண்ட வழக்கில் மூன்று இளையோர் காவல்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்களுள் மூத்தவருக்கு வயது 18. அறிவு வளர்ச்சியோ ஏறத்தாழ 8 வயதுச் சிறுவனுக்குரியது. பெற்றோரோ வழக்குரைஞரோ உடனில்லாமலே அவர்கள் விசாரிக்கப்பட்டனர். மூவரும் தண்டிக்கப்பட்டனர். 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனைகளை நீக்கியது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்பது பின்னர் உறுதியாயிற்று. அவ்வழக்கு எழுப்பிய வினாக்களின் தொடர்ச்சியாகவே, 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, மனநலமோ அறிவுத்திறனோ குன்றியவரைக் காவலர் விசாரிக்கும்போது உரிய துணையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்னும் முறை இங்கிலாந்தில் நிலைபெற்றது. அந்தத் துணையாளர் பெற்றோராகவோ, பராமரிப்பவராகவோ, பயிற்சி பெற்ற தன்னார்வலராகவோ இருக்கலாம். கேள்வி புரிந்ததா என்று பார்ப்பதே அவருடைய முதற்கடமை.

கேட்பார் இல்லாதவரின் 54 ஆண்டுகள்

நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுவோம். அசாம் மாநிலத்தைச் சேர்ந்த மசாங் லாலுங் என்பவர், கொடுங்காயம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டில் 1951-இல் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். விசாரணை நடைபெறாமலே தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் அவர் நலமாக இருப்பதாக மருத்துவமனை சான்றளித்தது. அவர் விடுவிக்கப்படவில்லை, குவாகாத்திச் சிறைக்கு மாற்றப்பட்டார். வழக்கு முன்னும் செல்லவில்லை, முடியவும் இல்லை. 2005-இல், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் அவர் வெளிவந்தபோது 54 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் வயது 77. பின்னர் உச்சநீதிமன்றம் அவருக்கு 3 இலட்சம் ரூபாய் இழப்பீடும் மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்க ஆணையிட்டது. 2007-இல் அவர் மறைந்தார்.

அவ்வளவு ஆண்டுகளும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே அவரை அடைத்து வைத்திருந்தார் என்பதன்று. மருத்துவமனையின் சான்று ஒரு கோப்பில் இருந்தது; வழக்கு இன்னொரு கோப்பில் இருந்தது; இரண்டையும் இணைத்து, ‘இவர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்?’ என்று வினவுவதற்கு ஓர் ஆள் இல்லை. குடும்பத்தின் ஒரு வினா எத்துணை வலிமை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

வெளியே தெரியாத குறைபாடு

குறைபாடு மிகுதியாக இருப்பவரைக் கண்டவுடன் பிறர் உணர்ந்துகொள்வர். இடர் பெரிதும் சூழ்வது, ஓரளவு பேசவும் வேலை செய்யவும் கூடியவரை. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம், 2009-இல் போதைப்பொருளுடன் சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டார். 2010-இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய நுண்ணறிவு ஈவு 69 எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர் தம் செயலை அறிந்தே செய்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. அவருடைய அறிவுத்திறனைக் கருதவேண்டும் என்று குடும்பத்தாரும் உலகெங்கிலும் பலரும் விடுத்த வேண்டுகோள்கள் ஏற்கப்படவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. அத்தீர்ப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் குடும்பங்கள் அறியவேண்டியது, எல்லைக்கோட்டில் நிற்பவரின் குறைபாட்டை மெய்ப்பிப்பது கடினம் என்பதும், மதிப்பீடு சிக்கல் எழுவதற்கு முன்பே செய்யப்பட்டிருத்தல் நலம் என்பதுமே.

நம் சட்டம் தரும் பாதுகாப்புகள்

2024 சூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. அதில் குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை வருமாறு.

கைது செய்யப்படும் எவருக்கும் உரிய உரிமைகள் இவருக்கும் உண்டு. கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினரோ அப்பகுதியில் மதிப்புடைய ஒருவரோ சான்றொப்பமிட வேண்டும் (பிரிவு 36). உறவினருக்குத் தகவல் தரவேண்டும் (பிரிவு 48). விசாரணையின்போது, முழுநேரமும் இல்லாவிடினும், வழக்குரைஞரைச் சந்திக்கலாம் (பிரிவு 38). மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் (பிரிவு 53). பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 58).

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இயலாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால், அவ்வாறு சொன்னதன் விளைவாகக் கண்டெடுக்கப்படும் பொருள் குறித்த பகுதிக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே, புரியாமல் சொல்லும் சொல்லும் தீங்கு செய்யக்கூடும்.

தம் தரப்பை எடுத்துரைக்க இயலாத நிலையில் ஒருவர் இருப்பதாக நடுவர் கருதினால், அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்பிக் கருத்தறியலாம் (பிரிவு 367). அறிவுசார் குறைபாட்டால் அவ்வாறு இயலாதவர் என்று கண்டறியப்பட்டால், பிணையில் விட இயலாத குற்றமாயினும் பிணையில் விடுவிக்கப் பிரிவு 369 இடமளிக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவருக்கு உள்நோயாளிச் சிகிச்சை கட்டாயமாக இருத்தல் கூடாது. உறவினரோ நண்பரோ, தொடர்ந்து வெளிநோயாளிச் சிகிச்சை பெறச் செய்வதாகவும் அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்காமல் காப்பதாகவும் உறுதிமொழி தரவேண்டும். பிணைக்கு வழியில்லாதபோது பாதுகாப்பான இடத்தில் வைக்க ஆணையிடவும், தக்க நிலையில் வழக்கிலிருந்து விடுவித்துப் பராமரிப்பும் பயிற்சியும் தரும் இல்லத்திற்கு அனுப்பவும் அதே பிரிவு வழிசெய்கிறது.

குறைபாடு இருப்பதாலேயே ஒருவர் குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுவார் என்று எண்ணுதல் கூடாது. செயலின் தன்மையையோ அது தவறானது என்பதையோ அறிய இயலாத நிலையில் இருந்தாரா என்பதையே பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு நோக்குகிறது. அதை நீதிமன்றமே முடிவு செய்யும்.

இன்னொன்றும் தெளிவுற வேண்டும். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய்க்குத் தரும் வரையறையில் அறிவுசார் குறைபாடு அடங்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இரண்டையும் மாற்றுத்திறனாகக் கொள்கிறது. அதன் 12-ஆம் பிரிவு நீதியை அணுகும் உரிமையை உறுதி செய்கிறது. மனுவில் எந்த நிலை என்று சரியாகக் குறிப்பிடுதல் இன்றியமையாதது.

இங்கிலாந்தில் உள்ளதுபோல், குற்றம் சாட்டப்பட்டவரைக் காவலர் விசாரிக்கும்போது துணையாளர் உடனிருப்பதை நம் சட்டம் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை. எனவேதான் குடும்பத்தாரின் முன்முயற்சி இங்கு இன்னும் பெரிதும் தேவைப்படுகிறது.

இன்றே செய்து வைக்க வேண்டியவை

முதலாவது, மதிப்பீடும் சான்றும். மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டையைப் பெற்று வையுங்கள். திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். நுண்ணறிவு மதிப்பீட்டு அறிக்கை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த சுருக்கக் குறிப்பு, சிறப்புப் பள்ளிச் சான்று, மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றின் படிகளை ஓர் உறையில் இட்டு வையுங்கள். கைப்பேசியிலும் படமெடுத்து வைத்தல் நலம். நள்ளிரவில் அழைப்பு வரும்போது பீரோவைத் துழாவிக்கொண்டிருக்க நேராது.

இரண்டாவது, ஒரு பக்கத் தகவல் தாள். பெயர், குறைபாடு, உண்ணும் மருந்துகளும் நேரமும், எவ்வாறு பேசினால் புரியும், எதற்கு அஞ்சுவார், யாரை அழைக்க வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். வலிப்பு மாத்திரை ஒருவேளை தவறினாலும் வலிப்பு வரக்கூடும் என்பதை அதில் தடித்த எழுத்தில் குறியுங்கள். இதன் சிறிய வடிவம் ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

மூன்றாவது, பயிற்சி. ‘எனக்குப் புரியவில்லை’, ‘மெதுவாகச் சொல்லுங்கள்’, ‘என் அக்காவைக் கூப்பிடுங்கள்’ என்னும் மூன்று தொடர்களை விளையாட்டாகவே பலமுறை சொல்லிப் பழக்குங்கள். காவலரைக் கண்டால் ஓடக்கூடாது என்பதையும், சட்டைப் பையிலுள்ள அட்டையைக் காட்டலாம் என்பதையும் நடித்துக் காட்டிக் கற்பியுங்கள். ‘சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்’ என்று அச்சுறுத்தி வளர்த்த பிள்ளை, உண்மையில் காவலரைக் காணும்போது நடுங்கி ஓடுவதில் வியப்பில்லை.

அழைப்பு வந்தவுடன்

இருவராகச் செல்லுங்கள். நிலைய அதிகாரியிடம் அமைதியாகக் குறைபாட்டைத் தெரிவித்து, சான்றின் படியுடன் எழுத்து வடிவில் மனு கொடுங்கள். இன்னொரு படியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் நேரமும் வாங்குங்கள். விசாரணையின்போது உடனிருக்க இசைவு கேளுங்கள். அக்காகிதமே பின்னர் நடுவர்முன் உங்களுக்குத் துணைநிற்கும்.

‘சீக்கிரம் முடியட்டும், ஆமென்று சொல்லிவிடு’ என்று அவரை ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். படித்துக் காட்டப்படாத தாளில் அவர் ஒப்பமிடவோ கைந்நாட்டு வைக்கவோ நேராதவாறு பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்போருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 வழங்குகிறது. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். திண்டுக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். கைதுக்குப் பின் பரிசோதிக்கும் மருத்துவரிடம் குறைபாட்டையும் மருந்துகளையும் சொல்லிப் பதிவு செய்யக் கேளுங்கள். நடுவர்முன் நிறுத்தப்படும்போது, நேரிலோ வழக்குரைஞர் வழியாகவோ அதை மீண்டும் எடுத்துரையுங்கள். ஒரு முறை சொன்னது போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மேசையிலும் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டவராக, சாட்சியாக இருக்கும்போது

குறைபாடு உடையோர் குற்றம் சாட்டப்படுவதைப் போலவே குற்றத்திற்கு இரையாவதும் உண்டு. ‘இவள் சொல்வதை யார் நம்புவார்?’ என்று குடும்பமே மூடி மறைத்துவிடுதல் பெருந்தீங்கு. கேள்வியைப் புரிந்துகொண்டு தக்க விடை தரக்கூடிய எவரும் சாட்சி சொல்லலாம். குறைபாடு மட்டுமே தடையாகாது. உடற்குறைபாடோ மனக்குறைபாடோ உடைய சாட்சியை அவர் வசிக்கும் இடத்திற்கு வந்துதான் காவலர் விசாரிக்க வேண்டும். நிலையத்திற்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்த இயலாது (பிரிவு 179). பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் குறைபாடு உடையவராயின், அவர் வீட்டிலோ அவருக்கு ஏற்ற இடத்திலோ, சிறப்புக் கல்வியாளர் அல்லது மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தகவலைப் பதிவு செய்து காணொளியாகவும் எடுக்க வேண்டும் (பிரிவு 173). மாற்றுத்திறனுடைய பெண்ணின் சாட்சியத்தை, அக்குறைபாட்டைக் காரணம் காட்டித் தாழ்வாக மதிப்பிடலாகாது என்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

சிறைக்குச் செல்ல நேர்ந்தால்

சிறை மருத்துவரிடம் மருந்துச் சீட்டையும் தகவல் தாளையும் முதல் நாளிலேயே சேர்ப்பியுங்கள். இயன்ற போதெல்லாம் நேரில் சென்று காணுங்கள். உடல் மெலிவு, காயம், பேச்சுக் குறைவு ஆகியவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள். அடுத்த வாய்தா நாளை ஒவ்வொரு முறையும் கேட்டறியுங்கள்.

தசைச்சிதைவு நோயுடைய ஒருவர் கோயம்புத்தூர் மத்திய சிறையில் இருந்தபோது உரிய வசதிகளின்றி இடர்ப்பட்டது தொடர்பான வழக்கில், 2025 சூலை 15 அன்று உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகளுக்குப் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. சிறைக்குள் வரும்போதே மாற்றுத்திறனாளிகளை இனங்காணுதல் அவற்றுள் ஒன்று. அத்தீர்ப்பு உடற்குறைபாடு உடைய ஒருவரின் வழக்கில் எழுந்ததாயினும், அதன் பயன் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது.

மருத்துவர் செய்யக்கூடியதும் கூடாததும்

மருத்துவர் முறையான மதிப்பீடு செய்து, கண்டதைக் கண்டவாறு அறிக்கை தருவார். நீதிமன்றம் அழைத்தால் விளக்குவார். இல்லாத நோயை எழுதவோ, முன்தேதியிட்டுச் சான்று தரவோ அவரால் இயலாது. அத்தகைய சான்று ஒன்று பொய்யென வெளிப்பட்டால், உண்மையான நோயாளிகள் பலருடைய சான்றுகளும் ஐயத்திற்குள்ளாகும். ஆகையால், மதிப்பீட்டிற்கு உரிய காலம் வழக்கு வந்த பின்னன்று, இப்போதுதான். அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது, தகவல் தாளில் எழுத வேண்டியவற்றை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். நோயாளியின் நடத்தையில் புதிதாக ஏதேனும் மாற்றம் கண்டால், அது வெட்கத்திற்குரியதென்று மறைக்காமல் சொல்லுங்கள்.

காவலர்கள், வழக்குரைஞர்கள், நீதிபதிகள் ஆகியோருள் இரக்கமும் பொறுமையும் உடையோர் பலர். தம்முன் நிற்பவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவே. அதைத் தெரிவிக்கும் பொறுப்பு, அவரை நாள்தோறும் உடனிருந்து அறிந்த உங்களிடம் இருக்கிறது.

நினைவிற் கொள்ள வேண்டிய எண்கள்
அவசர உதவி: 112
இலவசச் சட்ட உதவி: 15100
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
முதியோர் உதவி: 14567